கதவுக்கு வெளியே இருப்பவரையும் கேளுங்கள்: மனநல மருத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்கள், செவிலியர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், மனநல மருத்துவமனைகளின் நிர்வாகிகள் ஆகிய அனைவருக்கும்,

வணக்கம். என் தம்பி 11 ஆண்டுகளாக பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோயோடு வாழ்ந்து வருகிறான். அவனுக்குத் துணையாக வீட்டில் இருப்பவள் நான். அவனுடைய உயிருக்கு ஆபத்து இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, இன்று வீட்டுக்கு அனுப்பலாமா என்றெல்லாம் நீங்கள் மதிப்பிடும்போது, அவனோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்று வேண்டிக்கொள்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். இப்படி வேண்டிக்கொள்வதற்குக் காரணமான நாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழ மூன்று வாரம் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த தம்பி, திடீரென்று இரண்டு நாட்களாக அமைதியாகிவிட்டான். வீட்டில் எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. மாலையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதுவரை அவன்தான் கட்டிவந்த மின்கட்டணத்தைக் கைப்பேசியில் எப்படிக் கட்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். எனக்குப் பொடி எழுத்து தெரியாது என்பதால் கடவுச்சொற்களை ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதியும் கொடுத்தான். நல்லாகிவிட்டான் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் அவன் தலையணை உறையை மாற்றும்போது, விழுங்காமல் சேர்த்து வைத்திருந்த மாத்திரைகள் கையில் தட்டுப்பட்டன. வயிற்றில் புளியைக் கரைத்தது. எதுவும் கேட்காமல் அவற்றை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

"கூட வந்தவர் வெளியே இருங்கள்" என்றார்கள். இருந்தேன். கதவு சாத்தியிருந்த 25 நிமிடமும் கைக்குட்டை என் மடியில்தான் இருந்தது. உள்ளே கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் பணிவாகப் பதில் சொல்லியிருக்கிறான்: தூக்கம் பரவாயில்லை, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், அப்படிப்பட்ட எண்ணம் எதுவும் இல்லை. கதவு திறந்ததும் நான் எழுந்து பேச முயன்றேன். அதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். "பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்ற சொல்லோடு வீடு திரும்பினோம். மூன்றாம் நாள் அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டான். பல மாதங்கள் கழித்து அவனுடைய கேஸ் ஷீட்டின் நகல் கைக்கு வந்தபோது, அந்த நாளின் பக்கத்தில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. தற்கொலை அபாயம்: குறைவு. குடும்ப ஆதரவு: உண்டு. அந்த ஆதரவு என்று குறிக்கப்பட்டவள் நான். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை.

அந்த மருத்துவர் அலட்சியமானவர் என்று நான் நினைக்கவில்லை. வரிசையில் நின்ற கூட்டத்தையும் அவருடைய களைப்பையும் நானே பார்த்தேன். தம்பி பொய் சொன்னான் என்றும் சொல்ல மாட்டேன். அந்த நிலையில் இருப்பவருக்கு வெட்கம் இருக்கிறது, வார்டில் அடைத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது, சில நேரங்களில் தடுத்துவிடுவார்களே என்ற கவலையும் இருக்கிறது. அவர் சொல்வதை மட்டும் வைத்து ஆபத்தை அளப்பது என்ற முறையிலேயே பழுது இருக்கிறது என்பதுதான் என் முறையீடு.

தற்கொலை ஆபத்தை அளவிடும் கருவிகளின் நம்பகத்தன்மையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்ட 4,800 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மனநல மருத்துவர் பொகோர்னி, 1983 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர்களில் 67 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தற்கொலை ஆபத்து உள்ளவர்கள் என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் அப்படி இறக்கவில்லை. இறந்தவர்களில் பலர் குறிக்கப்படவே இல்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்களுக்கான சிகிச்சை குறித்து 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், எதிர்காலத் தற்கொலையைக் கணிப்பதற்கு மதிப்பெண் படிவங்களைப் பயன்படுத்த வேண்டாம், குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆட்களைப் பிரிக்கவும் வேண்டாம், யாருக்குச் சிகிச்சை தருவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதை அவற்றைக் கொண்டு தீர்மானிக்கவும் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கட்டத்தில் போடும் ஒரு குறியால் இந்த மரணங்களை முன்னறிய முடியாது என்றால், ஒரு மனிதரின் ஆபத்து எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது, இந்த வாரம் அவர் வாழ்வில் என்ன மாறியது என்று புரிந்துகொள்வதே மிச்சமுள்ள வழி. அந்த மாற்றம் பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது.

நீங்கள் பார்ப்பது அவருடைய ஒரு மணி நேரத்தை; நாங்கள் பார்ப்பது அவருடைய மூன்று வாரத்தை. நள்ளிரவில் மொட்டைமாடிப் படியில் கேட்கும் காலடிச் சத்தம், தினமும் பேசும் நண்பனின் அழைப்பை எடுக்காமல் விடுவது, மாத்திரை அட்டையில் நாள் கணக்கோடு ஒட்டாத வெற்றிடங்கள், காரணமில்லாமல் கேட்கும் மன்னிப்பு போன்றவை எந்தப் பாடநூலின் பட்டியலிலும் என் தம்பிக்கென்று எழுதப்பட்டிருக்காது. வேறொருவருக்கு அமைதி என்பது குணமாவதன் அடையாளமாக இருக்கலாம். என் தம்பிக்கு, தூக்கமில்லாத வாரங்களுக்குப் பின் திடீரென்று வரும் அமைதிதான் எச்சரிக்கை. இது இப்போது எனக்குத் தெரியும். அவன் மனதுக்குள் ஓடுவது எனக்குத் தெரியாது. அதைக் கேட்டு வாங்கும் பயிற்சி உங்களிடம் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது பாதி, உங்களுக்குத் தெரிவது பாதி என்ற நிலையில், இரண்டு பாதியும் ஒரே அறையில் சேராமலே மதிப்பீடு முடிந்துவிடுகிறது.

கேட்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எப்படி இருக்கிறார்?" என்று நோயாளியின் எதிரிலேயே கேட்டால், "பரவாயில்லை" என்பதைத் தவிர எங்களால் எதுவும் சொல்ல முடியாது; அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு தலையணை உறையைப் பற்றி எப்படிப் பேசுவது? அந்த நிகழ்வுக்குப் பின் வேறொரு மருத்துவமனையில், வயதான ஒரு செவிலியர் தாழ்வாரத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நேற்றில்லாமல் இன்றைக்கு ஏன் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டார். நான் யோசித்துப் பதில் சொல்லச் சொல்ல, அதுவரை எனக்கே கோவையாகத் தெரியாமல் இருந்த பத்து நாட்கள் வரிசையாக வெளியே வந்தன. மருத்துவ வார்த்தை எதுவும் இல்லாத அந்த ஒரு கேள்விக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். அதோடு, "உங்களுக்கே பயமாக இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். பல ஆண்டுகள் கூடவே இருந்தவரின் பயத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அவருக்கு அதைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம்.

எங்களை வெளியே நிறுத்துவதற்குச் சொல்லப்படும் காரணம் இரகசியக் காப்பு. நோயாளி உங்களை நம்பிச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் எங்களிடம் சொல்லக் கூடாது என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அந்த நம்பிக்கை உடைந்தால் அவர் உங்களிடம் வருவதையே நிறுத்திவிடுவார். ஆனால் அந்தக் கடமை உங்கள் வாயைக் கட்டுகிறதே தவிர, காதை அடைக்கவில்லை. நாங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வதால் யாருடைய இரகசியமும் வெளியாவதில்லை. நோயைப் பற்றிப் பொதுவாக விளக்குவதற்கும், நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது என்று சொல்வதற்கும்கூட யாருடைய அனுமதியும் தேவையில்லை. சொல்வதிலும் சட்டங்களும் வழிகாட்டுதல்களும் வழிவிட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 2014 இல் சுகாதாரத் துறையும் மருத்துவத் தொழில் அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, தற்கொலை ஆபத்து இருக்கும்போது குடும்பத்தோடு தகவல் பகிர்வதைப் பற்றித் தயங்காமல் யோசிக்கச் சொல்கிறது. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆவது பிரிவு, இரகசியக் காப்பை உரிமையாக நிலைநாட்டிய கையோடு, நோயாளியே நியமித்த பிரதிநிதி தம் கடமையைச் செய்வதற்கும், உயிருக்கு வரும் ஆபத்தைத் தடுப்பதற்கும் தேவையான அளவு தகவலைத் தரலாம் என்று விலக்கும் தந்திருக்கிறது.

சம்மதத்தைக் கேட்கும் நேரமும் முறையும் முக்கியம். நோய் உச்சத்தில் இருக்கும்போது, "உங்கள் அக்காவிடம் சொல்லலாமா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால், "வேண்டாம்" என்றுதான் வரும். அந்த ஒரு சொல் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால், ஆண்டுக்கணக்கில் யாரும் அதை மறுபடி கேட்பதில்லை. என் தம்பி நலமாக இருந்த ஒரு மாதத்தில் இப்போதைய மருத்துவர் அவனோடு உட்கார்ந்து, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்தார். மாத்திரை மாற்றம், அடுத்த சந்திப்பு, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அந்தச் செய்தி ஆகியவற்றை என்னிடம் சொல்லலாம். முறிந்துபோன தன் திருமணத்தைப் பற்றி அவன் பேசுவது எதுவும் என் காதுக்கு வரக் கூடாது. 20 நிமிடத்தில் முடிந்துபோன அந்தப் பேச்சு, எங்கள் இருவருக்கும் இடையே இருந்த பாதிச் சண்டையைத் தீர்த்துவைத்தது. அந்தத் திருமணத்தைப் பற்றி நான் இன்றுவரை கேட்டதில்லை.

நாங்கள் சொல்வதற்கும் ஓர் இரகசியம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு முறை நான் தனியாகச் சொன்ன ஒன்றை, மருத்துவர் அடுத்த சந்திப்பில், "உங்கள் அக்கா சொன்னார்களே" என்று தம்பியிடமே கேட்டுவிட்டார். நான்கு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததைவிட, அவன் தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளத் தொடங்கியதுதான் எனக்குப் பெரிய தண்டனை, ஏனென்றால் அதன்பின் சொல்வதற்கு எனக்கு எதுவும் தெரியாமல் போய்விட்டது. நாங்கள் ஒன்றைச் சொன்னதும், "இதை அவரிடம் எப்படி எடுத்துச் செல்லலாம்? நீங்கள் சொன்னதாகத் தெரியலாமா?" என்று கேளுங்கள். நோயாளி தம் பதிவுகளைப் படிக்கக் கேட்கலாம் என்பதால், எங்கள் வார்த்தையை எந்த இடத்தில் எப்படி எழுதிவைப்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தை நம்ப முடியாத வீடுகளும் இருக்கின்றன என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அடியும் வசவும் வாங்கி மனம் உடைந்து வருபவரிடம், அடித்தவரையே சாட்சி கேட்க முடியாது. சொத்துக்காகவும், பிடிக்காத ஒருவரை வீட்டை விட்டு அகற்றுவதற்காகவும் நோயைப் பெரிதாக்கிச் சொல்பவர்களும் உண்டு. அதனால்தான் நோயாளியோடு தனியாகப் பேசும் நேரத்தைக் குறைக்கும்படி நான் எங்கும் கேட்கவில்லை. குடும்பம் என்பது யார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள், அவர் பக்கத்து வீட்டு நண்பரைக் காட்டினால் அந்த நண்பரைக் கேளுங்கள். ஆனால் சில வீடுகளை வைத்து எல்லா வீடுகளையும் சந்தேகிக்கும் பழைய வழக்கமும் உங்கள் துறைக்கு உண்டு. மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் 1948 இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய, ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயை உண்டாக்கும் தாய் என்ற கருத்தைச் சுமந்து ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தலைகுனிந்து நின்றார்கள். அறிவியல் அதைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது. தாழ்வாரத்தில் எங்களைப் பார்க்கும் சில பார்வைகளில் அது இன்னும் மிச்சமிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பயமும் எப்போதும் சரியாக இருப்பதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். தம்பி வேலைக்குத் திரும்ப விரும்பியபோது, இன்னும் இரண்டு மாதம் வார்டிலேயே இருக்கட்டும் என்று மருத்துவரிடம் மன்றாடியவள் நான். அவர் என்னை முழுவதுமாகக் கேட்டார், பிறகு அவன் பக்கம் முடிவெடுத்தார், ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதை எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே விளக்கினார். அந்த வேலைதான் அவனைத் தூக்கி நிறுத்தியது. எங்கள் பேச்சு தீர்ப்பாக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. காதில் போட்டுக்கொண்டு, எடைபோட்டுப் பார்த்து, முடிவை எங்களுக்கும் சொல்லுங்கள்.

இனி டிஸ்சார்ஜ். மருத்துவமனையை விட்டு வெளியேறிய முதல் சில நாட்களே மிக ஆபத்தானவை என்பதை உங்கள் துறை நன்கு அறியும். இங்கிலாந்தில் 7 நாட்களுக்குள் என்றிருந்த தொடர் சந்திப்பை 72 மணி நேரத்துக்குள் என்று சுருக்கியதும் இதனால்தான். அந்த 72 மணி நேரமும் நோயாளி எங்கே இருக்கிறார்? எங்கள் வீட்டில். உளவியலாளர்கள் ஸ்டான்லியும் பிரௌனும் உருவாக்கிப் பல நாடுகளில் பயன்படும், நெருக்கடியில் என்ன செய்வது என்று நோயாளியோடு சேர்ந்து எழுதிவைக்கும் பாதுகாப்புத் திட்டத்தின் ஆறு படிகளில், உதவிக்கு அழைக்கக்கூடிய குடும்பத்தினர், நண்பர்களின் பெயர்களை எழுதுவது ஒரு படி. ஆபத்தான பொருட்களை எட்டாதபடி வைத்து வீட்டைப் பாதுகாப்பாக்குவது இன்னொரு படி. என் தம்பியின் முதல் திட்டத்தில் என் பெயரும் எண்ணும் இருந்தன. அப்படி ஒரு தாள் இருப்பதே எனக்குத் தெரியாது. அவன் அழைத்தால் நான் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லவே கூடாது, மாத்திரைகளை யார் வைத்திருப்பது, எத்தனை நாளுக்கு வாங்கி வைப்பது, எந்தக் கட்டத்தில் உங்களை அழைப்பது என்று எதையும் யாரும் சொல்லவில்லை. "பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கிவிட்டதாக நினைத்துக் கைகழுவிவிடாதீர்கள். இரவில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணையும் தாருங்கள். எந்த எண்ணும் இல்லாத இரவுகளில் விடியும் வரை கதவோரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

குடும்ப ஆதரவு உண்டு என்று எழுதும் முன், அந்த ஆதரவால் முடியுமா என்றும் பாருங்கள். முழங்கால் வலியால் எழுந்து நிற்கவே சிரமப்படும் தாய், இரவுப் பணிக்குப் போகும் மனைவி, பள்ளிக்கூடப் பிள்ளை ஆகியோர்கூடப் படிவத்தில் ஆதரவாகவே பதிவாகிறார்கள். நீங்கள் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினீர்கள் என்று எங்களைக் கேளுங்கள். உங்கள் மேல் எப்போதாவது கை ஓங்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள், தனியாக. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் துன்புறுத்துவதில்லை. அபூர்வமாக அப்படி நடக்கும்போது, அடி விழுவது பெரும்பாலும் வீட்டில் பக்கத்தில் இருப்பவர் மேல்தான், அதை அவர் பாசத்தாலும் வெட்கத்தாலும் மறைத்துவிடுவார். தாமாகச் சொல்லும் துணிவு வராதவர்களுக்கு, கேள்வி உங்களிடமிருந்து வந்தால்தான் வாய் திறக்கும்.

நிர்வாகிகளிடம் ஒன்று. இது ஒவ்வொரு மருத்துவரின் நல்ல மனதை மட்டும் நம்பி நடக்கும் காரியமாக இருக்கக் கூடாது. பிரிட்டனில் ஒரு பராமரிப்பாளரின் முன்முயற்சியோடு உருவாகி 2010 இல் வெளியான முக்கோணப் பராமரிப்பு என்ற வழிகாட்டி, நோயாளி, மருத்துவக் குழு, பராமரிப்பாளர் என்ற மூவரையும் இணைத்து, முதல் சந்திப்பிலேயே பராமரிப்பாளர் யார் என்று கண்டறிவதிலிருந்து தகவல் பகிர்வுக்கான விதிகள் வரை ஆறு தரநிலைகளை வகுத்திருக்கிறது. அவ்வளவு தூரம் உடனே போக முடியாவிட்டாலும், மதிப்பீட்டுப் படிவத்தில் பராமரிப்பாளரிடம் பேசப்பட்டதா, என்ன சொன்னார், பேசவில்லை என்றால் ஏன் என்ற மூன்று வரிக்கு இடம் விடுங்கள். அதைக் கேட்பதற்குப் பத்து நிமிடமும், நோயாளியின் காதில் விழாத ஒரு மூலையும் ஒதுக்குங்கள். புதிதாகச் சேரும் ஊழியர்களின் பயிற்சியில் ஒரு நாளாவது எங்களில் ஒருவரை அழைத்துப் பேசவிடுங்கள்.

இந்த மடலை வெளியிடுவதற்கு முன் தம்பிக்குப் படித்துக்காட்டினேன். மின்கட்டணம் கட்டச் சொல்லிக்கொடுத்த இடத்தில் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அது இருக்கட்டும் என்றான். வேறு இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னான். எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே காத்திருக்கும் ஓர் அக்கா